பெரிய வீடு குழு: சதாபிஷேகத்தில் கவின் வாசிக்கப்போவது

கலா: திருக்கடையூரில் கவின் வாசிக்க எழுதியது. வசந்தா அண்ணி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

கலா: "என் தாத்தா நல்லவர். தாத்தாவுக்கு 80 வயது. மேலும் தாத்தாவிடம் சைக்கிள் இருக்கிறது. தாத்தா கண் ஆபரேஷன் செய்துகொண்டார். மேலும் தாத்தா சைக்கிள் ஓட்டி நான் விழுந்தேன். தாத்தா பன்னீர் சோடா வாங்கித் தந்தார். மேலும் எனக்குத் தாத்தாவைப் பிடிக்கும்."

பாபு: சேகர் மாமா ஹாஸ்டலிலிருந்து எழுதிய கடிதம் மாதிரியே!

முருகன்: நலம். பணம் தீர்ந்தது. சேகர்.

சேகர்: அதற்கும் நீ பணம் அனுப்பவில்லை அண்ணா.

முருகன்: சமையல்காரர் முன்பணம் கேட்கிறார். இலை எத்தனை?

வசந்தா: கலா, பிள்ளையைத் திட்டாதே. எழுத்துப்பிழையே இல்லை, அதுவே பெரிது. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக நிற்கிறது, அவ்வளவுதான் குறை. இந்த 'மேலும்' யார் சொல்லிக்கொடுத்தது?

கலா: டியூஷனில். மதிப்பெண் வருமாம்.

வசந்தா: அடுத்த வாக்கியம் முந்தியதோடு சேராதபோது பிள்ளைகள் அதைப் போட்டு ஒட்டிவிடுவார்கள். 2022-ல் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை நானே பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிடும். சேர்த்து எழுதுவது அதற்கப்புறமும் மெதுவாகத்தான் வரும். இன்னொன்று, "தாத்தா சைக்கிள் ஓட்டி நான் விழுந்தேன்" தப்பு. 'ஓட்டி', 'வந்து', 'போய்' என்று எழுதினால் கடைசி வினைக்கும் ஆள் அவரேதான். "தாத்தா ஓட்டி வந்தார்" சரி. ஆள் மாறினால் "தாத்தா ஓட்டியபோது நான் விழுந்தேன்" என்று எழுத வேண்டும்.

பாபு: "மழை பெய்து பயிர் விளைந்தது" என்கிறோமே அம்மா? ஆள் மாறுகிறதே?

வசந்தா: அங்கே 'பெய்து' என்பது 'பெய்ய' என்ற பொருளில் வருகிறது. பெரியவர்கள் ஒப்புக்கொண்டது. ஐந்தாம் வகுப்புக்கு அது வேண்டாம். நன்னூலில்கூட

சேகர்: அக்கா, நன்னூலில் பத்துக் குற்றம் உண்டு. இரண்டாவது மிகைபடக் கூறல்.

வசந்தா: எட்டாவது மற்றொன்று விரித்தல். அது உனக்கு.

அப்பா: 🙏 காலை வணக்கம். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.

முருகன்: இலை??

வசந்தா: கலா, இணைப்புச் சொல் பட்டியல் எதுவும் கொடுக்காதே. பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு வாயால் கதை சொல்லச் சொல். நடுவில் "ஏன்?", "அப்புறம்?", "அப்படியிருந்துமா?" இந்த மூன்றை மட்டும் கேள். சொன்னதை அப்படியே எழுதட்டும். 'தாத்தா தாத்தா' என்று வரும் இடத்தில் பாதிக்கு 'அவர்' போடட்டும்.

கலா: சரி அண்ணி.

பாபு: அது சரி, கவின் எப்போது விழுந்தான்?

சேகர்: 🤐

கலா: முழங்காலில் காயம் இருந்தது. பள்ளியில் ஓடும்போது விழுந்தேன் என்றான்.

முருகன்: சேகர், நீ ஏன் வாயை மூடிக்கொண்டாய்?

கலா: வாயால் சொல்லிவிட்டு எழுதியிருக்கிறான். படியுங்கள்.

கலா: "என் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால், கொஞ்ச நாள் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினார். பள்ளம் சரியாகத் தெரியாததால் அதில் இறக்கிவிட்டார், அதனால் நான் விழுந்தேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்பதற்காக அவர் பன்னீர் சோடா வாங்கித் தந்தார். சித்தப்பாவும் பார்த்தார், ஆனால் அவரும் சொல்லவில்லை."

பாபு: 😂😂😂

வசந்தா: பாருங்கள்! 'ஆனாலும்', 'அதனால்' எதையும் யாரும் சொல்லித்தரவில்லை. 'மேலும்' ஒன்றுகூட இல்லை.

முருகன்: அப்பா ஆபரேஷன் கண்ணோடு சைக்கிள் ஓட்டியிருக்கிறார், நீ இலக்கணம் பார்க்கிறாய் அக்கா.

வசந்தா: தஞ்சாவூரில் இருந்துகொண்டு நான் சைக்கிளைப் பூட்ட முடியுமா? பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்க வேண்டாமா?

சேகர்: இது அறுபதாம் கல்யாணத்தில் தொடங்கிய பேச்சு. இங்கே வேண்டாம்.

கலா: நீங்கள் பேசாதீர்கள் சேகர்.

சேகர்: அண்ணி, அப்பாதான் சொல்லாதே என்றார். எனக்குச் சோடாகூட இல்லை.

முருகன்: 'அம்மாவிடம் சொல்லக் கூடாது என்பதற்காக' என்பதையும் கடைசி வாக்கியத்தையும் எடுத்துவிடலாம். சொந்தக்காரர்கள் முன்னால் எதற்கு?

வசந்தா: எடுத்தால் மறுபடி துண்டாகிவிடும். பன்னீர் சோடா எதற்கு வந்தது என்று யாருக்கும் புரியாது.

முருகன்: சோடாவையும் எடு.

பாபு: அப்புறம் என்ன இருக்கிறது மாமா? "தாத்தா நல்லவர்" மட்டும்தான்.

கலா: எடுக்க மாட்டேன் என்று அழுகிறான்.

அப்பா: 🎤 குரல் செய்தி 0:14

பாபு: வெளியில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. என்ன சொல்கிறார்?

கலா: சோடா அவனாகக் கேட்டதாம்.

வசந்தா: அப்பாவும் காரணத்தை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்.

கலா: மாமா, நேரில் பேசிக்கொள்ளலாம். சைக்கிள் சாவி எங்கே?

முருகன்: 120 இலை என்று சொல்லிவிடுகிறேன்.

சேகர்: பொறு, அம்மா வீட்டுப் பக்கம் இன்னும் சொல்லவில்லை.