மேலக்காவேரி பட்டறைக் குழு: மழுங்கின பிட்டுக்குச் சாணை

கவிதா: செல்வம் அண்ணே, சிஎன்சி மெஷின்ல பித்தளைத் தகட்டுல உபயம் எழுத்து வெட்டுறேன். வெட்டுற பிட் 30 டிகிரி வி வடிவம், முனை அகலம் 0.1 எம்எம். இப்ப எழுத்து ஓரமெல்லாம் பிசிறு, கோடும் தடிச்சுப் போச்சு. சாணை பிடிக்கலாமா, தூக்கிப் போட்டுடலாமா?

செல்வம்: ஆழம் எவ்வளவு? கோடு அகலம் அளந்தியா?

கவிதா: ஆழம் 0.3 எம்எம். ஒவ்வொரு தகட்டுக்கும் இசட் தொட்டு, அதாவது முனை தகட்டைத் தொடுற உயரத்தைப் பூஜ்யமா வச்சுத்தான் ஆரம்பிக்கிறேன். அகலம் 0.45 கிட்ட வருது.

செல்வம்: 30 டிகிரிக்குக் கணக்கு சுலபம். ஆழத்தை 0.536 ஆல பெருக்கி, முனை அகலத்தைக் கூட்டு. 0.3 ஆழத்துக்கு 0.16. முனை 0.1 ஆவே இருந்தா கோடு 0.26 தான் வரணும். 0.45 வருதுன்னா முனை 0.3 வரைக்கும் தேஞ்சிருக்கணும்.

பாஸ்கர்: இல்லன்னா பிட் ஆட்டம் போடுதுன்னு அர்த்தம். அக்கா, சாணைக்கு முன்னாடி பிட்டைக் கவ்விப் பிடிக்கிற கோலெட்டைக் கழட்டி உள்ள துடைங்க. பித்தளைத் துகள் ஒண்ணு உட்கார்ந்திருந்தாலே போதும், கோடு தடிக்கும். டயல் கேஜ் இருந்தா ஷாங்க்குல, அதான் பிட்டோட தண்டுல வச்சு கையால சுத்திப் பாருங்க. ஆட்டம் 0.02 குள்ள இருக்கணும். 3.175 ஷாங்க்கை 3 எம்எம் கோலெட்டுல திணிச்சிருந்தா அதையும் மாத்துங்க.

கவிதா: துடைச்சுட்டேன். கோலெட் 3.175 தான். கேஜ்ல 0.01. நகைப் பட்டறை லென்ஸ்ல பார்த்தா முனையில வெள்ளையா ஒரு கோடு மின்னுது.

செல்வம்: அதான் மழுங்கல். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது. வெள்ளைக் கோடு தெரிஞ்சா அந்த அகலத்துக்கு விளிம்பு உருண்டுருச்சு.

ராஜா: டைமண்ட் கல்லுல தட்டை முகத்தை வச்சு நாலு தேய் தேச்சா சரியாயிடும்ல? யூடியூப்ல எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

செல்வம்: அவங்க தேய்க்கிறது மர வேலை ரூட்டர் பிட். கவிதா வச்சிருக்கிறது அரைவட்ட பிட், உருண்டைத் தண்டைப் பாதியா வெட்டினது. அதுல தட்டை முகம் சரியா நடு அச்சுல இருக்கணும். 3.175 ஷாங்க்குன்னா வெட்டின பாதியோட கனம் 1.59. முனையில அளக்காத, கூம்பு தொடங்குறதுக்கு மேல சமமா இருக்கிற இடத்துல மைக்ரோமீட்டர் வை. முகத்தைத் தேச்சு 0.05 இறக்கிட்டேன்னு வச்சுக்க, அச்சு பிட்டுக்கு வெளிய போயிடும். நடுவுல 0.1 அகலத்துக்கு எதுவுமே வெட்டாது. அப்புறம் எவ்வளவு கூராக்கினாலும் மெல்லிய கோடு வராது.

ராஜா: கனம் கூட இருந்தா?

செல்வம்: அது இன்னும் மோசம். முனை நடுவுல வெட்டாம உரசும், சூடேறி ஒடியும்.

செல்வம்: அரைவட்ட பிட்டுல எடுக்க வேண்டியது கூம்புப் பக்கத்துல. தட்டை முகத்துல கடைசியா 1200 நம்பர் நைஸ் கல்லுல ரெண்டு இழுப்பு, பிசிறு போறதுக்கு மட்டும்.

கவிதா: கையால கூம்பு பிடிக்க முடியுமாண்ணே?

செல்வம்: முடியாது, மனசைத் தேத்திக்க. கட்டர் கிரைண்டர் வேணும், பிட்டைக் கோணம் வச்சுச் சாணை பிடிக்கிற மெஷின். மெஷின்ல கோணத்தை 15 க்கு வை. 30 ங்கிறது முழுக் கோணம், மெஷின் கேக்கிறது பாதி. பின்சரிவு, அதாவது விளிம்புக்குப் பின்னால இடம் விடுற சரிவு, பித்தளைக்குக் கம்மியா, அக்ரிலிக்குக்கும் மரத்துக்கும் அதைவிடக் கூட வைக்கலாம். சரிவு கம்மின்னா பின்பக்கம் உரசும், ஜாஸ்தின்னா விளிம்பு பலமில்லாம பொரிஞ்சுரும்.

செல்வம்: பிட்டை அரைச் சுற்றுக்குள்ளதான் உருட்டணும். தட்டை முகத்தைத் தாண்டி உருட்டினா இப்பப் போட்ட விளிம்பை நீயே அழிச்சுடுவ. ஒரு தடவைக்கு 0.02 தான் ஏத்தணும். ஆத்திரப்பட்டு 0.1 ஏத்தினா முனை சில்லாப் பேந்துரும், பிட் கார்பைடு, கெட்டியானாலும் நொறுங்குற உலோகம்.

பாஸ்கர்: சக்கரமும் முக்கியம். வெள்ளை, சாம்பல் கல் கார்பைடை அறுக்காது, சூடுதான் ஏத்தும். பச்சைக் கல் ஓரளவு. டைமண்ட் கப் சக்கரம்தான் சரி. அதே டைமண்ட்ல எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டைப் பிடிக்காதீங்க. இரும்போட சூட்டுல டைமண்ட் சீக்கிரம் தேயும், சக்கரமும் அடைச்சுக்கும். எச்எஸ்எஸ்க்கு வெள்ளைக் கல் போதும்.

பாஸ்கர்: சூடான கார்பைடைத் தண்ணில முக்குற பழக்கம் சில பட்டறையில இருக்கு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். ஒண்ணு, ஆரம்பத்துலேருந்து சொட்டுத் தண்ணி விட்டுக்கிட்டே பிடிங்க. இல்ல, காய்ஞ்சபடி பிடிச்சுத் தானா ஆற விடுங்க. காய்ஞ்சபடின்னா மாஸ்க் கட்டாயம். அந்தத் தூள்ல கோபால்ட் இருக்கு, நுரையீரலைக் கெடுக்கும். மூக்குல துண்டு கட்டிக்கிறதெல்லாம் கணக்குல வராது.

கோவிந்து மாமா: எனக்கு ரெண்டு பல் நேர் பிட், 12 எம்எம், கார்பைடு துண்டு ஒட்டினது. தேக்குக் கதவுல கருக்குது. இதுக்கு என்ன பண்ண?

செல்வம்: மாமா, உங்களுக்குத்தான் ராஜா சொன்ன வைத்தியம். தட்டை முகத்தை மட்டும் தேய்க்கணும், வெளி வளைவைத் தொடவே கூடாது. அதைத் தொட்டா பின்சரிவும் போச்சு, விட்டமும் போச்சு.

செல்வம்: முதல்ல கழுவுங்க. பாதி நேரம் அது மழுங்கல் இல்ல, பிசின். வெந்நீர்ல சலவை சோடா கலந்து கால் மணி நேரம் ஊறப் போட்டு, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால தேய்ங்க. பேரிங் வச்ச பிட்டுன்னா பேரிங்கைக் கழட்டிட்டு ஊறப் போடுங்க. காஸ்டிக் சோடா வேண்டாம். உடனே துடைச்சு எண்ணெய் தடவி வைங்க. ஐப்பசி மழையில ஷாங்க் ஒரு ராத்திரியில துருப் பிடிக்கும்.

கோவிந்து மாமா: சரிப்பா. அப்புறம்?

செல்வம்: முகத்துல மார்க்கர் மை பூசுங்க. டைமண்ட் தகடு 400 ல ஆரம்பிச்சு 600, 1200. மை முழுசும் சமமா அழிஞ்சாத்தான் முகம் தட்டையா உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். ஓரத்துல மட்டும் அழிஞ்சா கை சாயுது. ஒரு பல்லுக்குப் பத்து இழுப்புன்னா அடுத்த பல்லுக்கும் பத்து, அதே அழுத்தம். ஒண்ணுல கூடிட்டா ஒரே பல்தான் வெட்டும், இன்னொண்ணு சும்மா சுத்தும், அதிர்வும் வரும். லென்ஸ்ல பல்லு பேந்து பள்ளமாத் தெரிஞ்சா கையால போகாது, விட்டுடுங்க.

பாஸ்கர்: மாமா, ஃபீடு, அதான் பிட் நகர்ற வேகம் என்ன வச்சிருக்கீங்க?

கோவிந்து மாமா: நிமிஷத்துக்கு 18000 சுத்து, 1200 எம்எம் ஃபீடு.

பாஸ்கர்: அங்கயே வினை. ரெண்டு பல், 18000 சுத்து, 1200 ன்னா ஒரு சுத்துல ஒரு பல்லுக்கு 0.033 எம்எம் தான் கிடைக்குது. அவ்வளவு பெரிய பிட் அதுல வெட்டாது, உரசும். தேக்குல சிலிக்கா வேற இருக்கு, உரசினா விளிம்பைத் தின்னுடும். மெஷின் தாங்கினா 3600, அதாவது பல்லுக்கு 0.1. தாங்கலன்னா சுத்தை 12000 க்கு இறக்கி 2400 வைங்க, அதே 0.1 தான். ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு தடவையா எடுங்க. புது பிட்டே போட்டாலும் 1200 ல கருக்கத்தான் செய்யும்.

ராஜா: ஸ்பைரல் பிட், முறுக்கு விளிம்பு இருக்கிறதை என்ன பண்ண?

செல்வம்: கையால கிடையாது. நல்ல பெரிய பிட்டாச் சேர்த்து வச்சு கோயம்புத்தூர்ல டூல் கிரைண்டிங் போடுற இடத்துக்கு அனுப்பு. 6 எம்எம் போனது 5.8 ஆ திரும்பி வரும், அளந்து மெஷின் டூல் லிஸ்ட்ல மாத்திக்க. மாத்தலன்னா பாக்கெட், அதான் வெட்டுற குழி சின்னதா வரும், பொருத்து உட்காராது. 3 எம்எம் ஸ்பைரலை அனுப்பாத, கூரியர் காசுக்குக் கட்டாது.

கோவிந்து மாமா: என் பிட்டும் சின்னதாயிடுமா?

செல்வம்: முகத்துல 0.05 போனா விட்டம் 0.02, 0.03 குறையும். கதவு வேலைக்குத் தெரியாது.

கவிதா: அண்ணே, கிரைண்டர் உங்ககிட்ட இருக்குல்ல? சாயங்காலம் பிட்டைக் கொடுத்து விடவா?

செல்வம்: ஒண்ணு ரெண்டுக்கு மெஷினைச் செட் பண்ண முடியாது. 30 டிகிரி எல்லாத்தையும் சேர்த்து எடுத்து வை. ஒரே கோணமா வந்தா மட்டும் பிடிச்சுத் தரேன். 20 ஐயும் 60 ஐயும் கலந்து அனுப்பாத.

கவிதா: முனை 0.1 க்கே வச்சுடுங்க.

செல்வம்: பித்தளைக்கு 0.2 வச்சுக்க. கிரைண்டர்லேருந்து ஊசியா வரும், அப்படியே போட்டா முதல் எழுத்துலயே ஒடியும். 1200 கல்லுல நுனியை லேசாத் தொட்டு 0.2 ஆக்கித் தரேன். 0.2 முனைக்கு, 0.3 ஆழத்துல கோடு 0.36 வரும். டிசைன்ல முனை அகலத்தை மாத்து. பிட் நீளமும் குறைஞ்சிருக்கும், மாட்டினதும் இசட் தொட்டுட்டு ஆரம்பி.

கவிதா: சரிண்ணே. ஏழு பிட் இருக்கு, எல்லாம் 30. பையன்கிட்ட கொடுத்து விடுறேன்.