ரப்பர் மரத்தூளில் சிப்பிக் காளான்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

குலசேகரம் பக்கம் மர மில்களில் ரப்பர் மரத்தூள் மூட்டை மூட்டையாகக் கிடைப்பதால் காளான் வளர்க்க வைக்கோலுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் பச்சை மரம் அறுத்த தூள்தானா என்று கேட்டு வாங்குங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பலகையை மருந்தில் ஊறவைப்பார்கள், அதற்குப் பிறகு இழைத்த தூள் வேண்டவே வேண்டாம்.

வெறும் தூளில் தழைச்சத்து குறைவு, காளானின் வெள்ளை இழை மெதுவாகத்தான் ஓடும். நான் 10 கிலோ தூளுக்கு 1 கிலோ அரிசித் தவிடும் கொஞ்சம் கால்சியம் கார்பனேட்டும் கலக்கிறேன். கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது, அதுதான் பதம். தவிடு பச்சைப் பூசணத்துக்கும் பிடித்த தீனி என்பதால் வெந்நீரில் முக்கி எடுத்தால் போதாது. சூடு தாங்கும் பைகளில் அடைத்து, டிரம்மில் அடுக்கி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து, நன்றாக ஆறிய பிறகுதான் காளான் வித்து (தானியத்தில் வளர்த்த காளான் இழை) போடணும். காம்பு நீண்டு குடை சிறுத்து வந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

---

அக்கா, நீங்கள் சொன்ன பதம் ரொம்பச் சரி. நான் மார்த்தாண்டத்தில் வீடு வீடாகக் காளான் கொடுக்கிறேன். "இதில் கால்வாசி புரோட்டீனாமே?" என்று கேட்காத ஆளில்லை. அது உலர்ந்த எடைக்கான கணக்கு. பச்சைக் காளானில் 90 சதவீதத்துக்குக் கிட்டத் தண்ணீர்தான், 100 கிராமில் புரோட்டீன் சுமார் 3 கிராம், ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது. இதை மறைத்து விற்க எனக்கு மனசு வராது, மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கொழுப்பு அரை கிராம்கூட வராது, நார்ச்சத்து 2 கிராமுக்கு மேல், பொட்டாசியம் 400 மில்லிகிராம் அளவுக்கு, நயாசினும் (வைட்டமின் பி3) நன்றாகவே இருக்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்திலும் நயாசினிலும் ஒரு பகுதி சாக்கடைக்குத்தான் போகும், அதனால் அந்தத் தண்ணீரிலேயே குழம்பு வையுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

---

அண்ணே, வாங்குகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். காளானை நறுக்கிக் கொஞ்ச நேரம் வெயிலில் பரப்பி வைத்தால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருளில் ஒரு பகுதி வைட்டமின் டி2 ஆக மாறும், சைவம் சாப்பிடும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். அப்புறம், வளர்க்கிறவர்கள் அறுவடைக்குப் போகும்போது மாஸ்க் போடுங்கள். குடை விரிந்து ஓரம் மேலே சுருண்டுவிட்டால் வித்துத்தூள் (காளான் குடையிலிருந்து உதிரும் நுண்ணிய தூள்) புகையாகக் கிளம்பும், எங்கள் அம்மாவுக்கு அதில்தான் இருமல் பிடித்தது. ஓரம் விரியும் முன்பே பறித்துவிட்டால் தூளும் குறையும், ருசியும் கூடும்.