மறு: ‘மருந்தெதிர்ப்பு மலேரியா’ – கையேட்டுக்கு வேறு சொல் உண்டா?

> ‘மருந்தெதிர்ப்பு’ தமிழ்நாட்டில் நிலைத்துவிட்ட சொல். நாம் எதற்கு அதில் கைவைக்க வேண்டும்?

அண்ணே, மருந்துக்குக் கிருமி அடங்காததை அப்படிச் சொல்வது பாடநூலுக்குச் சரி. நம் மலேரியாக் கையேடு போகப்போவது பர்மாவில் மோல்மேன், தட்டோன் பக்கத்துத் தமிழர் வீடுகளுக்கு. முதல் படியைக் கோயிலில் ஒரு பெரியவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ‘மருந்தெதிர்ப்பு’ வந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “எதிர்ப்புச் சக்தி இருக்குன்னா நல்லதுதானேப்பா?” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ‘நோய் எதிர்ப்பு’ உடம்புக்கு நல்லது என்று காலமெல்லாம் சொல்லிவிட்டு, அதே எதிர்ப்பைத் திடீரென்று கிருமியின் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

பர்மியச் சொல்லைப் பெயர்க்கலாமா என்றால் அங்கேயும் வம்பு. ‘ஸே யின் பா’ என்றால் கிருமி மருந்தோடு பழகிப்போய்விட்டது என்று பொருள். அழகான சொல்தான். ஆனால் தமிழில் ‘மருந்துப் பழக்கம்’ என்று போட்டால் போதை விவகாரம் என்று நினைப்பார்கள். (மலேரியாவுக்கே பர்மிய மொழியில் ‘பறவைக் காய்ச்சல்’ என்றுதான் பெயர். அதைப் பெயர்த்து வைத்தால் வீட்டுக் கோழிகளுக்கு ஆபத்து.)

என் பரிந்துரை ‘மருந்துக்கு மசியாமை’. மருந்துக்கு மசியாத கிருமி, மசியாத மலேரியா என்று எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். மசியாதது யார் என்பதிலும் சந்தேகம் வராது.

இதில் இன்னொரு வசதியும் உண்டு, இரண்டு வகை எதிர்ப்பைப் பிரித்துக் காட்டலாம். குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்துக்கு அடங்காத கிருமி 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடிய எல்லையில் தலைகாட்டியது. அது அசல் மசியாமை. இப்போதைய முக்கிய மருந்தான ஆர்டிமிசினினின் கதை அப்படியில்லை. சிவப்பணுவுக்குள் நுழைந்த புதிதில், மோதிர வடிவில் இருக்கும்போது, மாற்றம் பெற்ற கிருமி ஹீமோகுளோபினைக் கொஞ்சமாகவே உள்ளே இழுக்கிறது. ஹீமோகுளோபின் செரிக்கும்போது வெளிவரும் இரும்புள்ள ஹீம்தான் மருந்தையே முடுக்கிவிடுவது. தீனி குறைந்தால் ஹீமும் குறையும், மருந்தின் வேகமும் குறையும். மருந்தோ உடம்பில் தங்குவதில்லை, ஒரு மணி நேரம் போலப் போனால் பாதியாகிவிடும். அதுவரை தாக்குப்பிடித்த கிருமி மறுபடி வளர்கிறது. கெல்ச்13 என்ற மரபணுவில் வரும் மாற்றம்தான் இதற்கு அடையாளம் என்று 2014இல் தெரியவந்தது.

ஆனாலும் கூடக் கொடுக்கும் மருந்து வேலை செய்தால் இந்தக் கிருமி கடைசியில் சாகத்தான் செய்கிறது, தாமதமாக. மாத்திரை தொடங்கி மூன்றாம் நாளும் ரத்தப் பூச்சில் (கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் ரத்தத்தில்) தென்படும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் இதைப் ‘பகுதி எதிர்ப்பு’ என்கிறது. நான் ‘தாமத மசிவு’ என்பேன். பெயரிலேயே நடப்பு தெரிந்துவிடும்.

> ‘மசிவு’ என்றதும் கீரைதான் ஞாபகம் வருகிறது. புது மருந்துகள் பக்கத்தில் இது எடுபடுமா?

கீரை வந்தால் வரட்டும் அக்கா, ‘அவன் யாருக்கும் மசியமாட்டான்’ என்பதும் கூடவே வருமே! அந்தப் பக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“கானாப்ளாசைடு ஆர்டிமிசினின் குடும்பத்தைச் சேராத புது மருந்து. இதை லுமெஃபான்ட்ரின் என்ற பழைய மருந்தோடு சேர்த்து 12 ஆப்பிரிக்க நாடுகளில் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. 97.4 விழுக்காடு குணம் கிடைத்ததாக 2025 நவம்பரில் நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் அறிவித்தது. தாமத மசிவோடு தொடர்புள்ள கிருமிகளிடமும் இது நன்றாக வேலை செய்ததாம். இன்னொரு வழி மும்மருந்துக் கூட்டு. புது மருந்துக்குக் காத்திராமல், கையில் இருக்கும் மருந்துகளில் மூன்றை ஒன்றாகக் கொடுப்பது. 2015 முதல் 2018 வரை பர்மா உட்பட எட்டு நாடுகளில் இதைச் சோதித்தார்கள்.”

வாசிக்க உறுத்தவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம், கூட்டுமருந்தில் ஆர்டிமிசினினோடு வரும் லுமெஃபான்ட்ரின், பிப்பெராகுயின் போன்றவற்றைப் படியில் ‘துணைமருந்து’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு ஒப்பவில்லை. ஆர்டிமிசினின் கொன்றது போக மிச்சக் கிருமியைத் தீர்த்துக்கட்டுவதே அதுதான். அதுவும் மசியவைக்காவிட்டால் காய்ச்சல் திரும்பி வந்துவிடும். ‘துணை’ என்று வாசிப்பவர் இதை விட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துவிடக்கூடும். ‘இணைமருந்து’ என்று மாற்றியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.