கேமரா பேட்டரி அலமாரியில் இருந்தபடியே சாவது ஏன்? – அனுபவப் பகிர்வு

நிழல்குடை:
தினமும் வேலை வாங்கும் பேட்டரி ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று முழு சார்ஜ் ஏற்றிப் பையில் போட்டது அதற்கு முன்பே படுத்துவிடுகிறது. பெரும்பாலான கேமரா பேட்டரிகளுக்குள் இரண்டு லித்தியம்-அயன் செல்கள் தொடராக இணைந்திருக்கும். மேலே 7.2 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வீதம் 8.4 வோல்ட் நிற்கும். அந்த உச்சத்தில் நிறுத்தி வைத்தால் செல்லுக்குள் தேவையற்ற வேதிவினைகள் ஓயாமல் நடந்து, கொள்ளளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் முழு சார்ஜோடு கிடப்பதைவிடக் கெட்ட நிலை பேட்டரிக்குக் கிடையாது.

சில வாரங்களுக்கு வேலை இல்லை என்று தெரிந்தால் 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். கேமரா சதவீதம் காட்டாவிட்டால் மல்டிமீட்டரில் பாருங்கள்: இரண்டு செல் பேட்டரியில் 7.5 அல்லது 7.6 வோல்ட் இருந்தால் சரி. கேமராவிலிருந்து கழற்றி, டெர்மினல் மூடியைப் போட்டு, வீட்டில் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வேலைக்கு முந்தின இரவு முழுதாக ஏற்றிக்கொண்டால் போதும்.

செல்பிரிப்பு:
மறுமுனையும் ஆபத்துதான். முழுக்கக் காலியான பேட்டரியைக் கேமராவுக்குள்ளேயே விட்டால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் கேமரா துளி மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றும் தன் பங்குக்கு உறிஞ்சும். செல் வோல்டேஜ் 2.5-க்கு வெகு கீழே போய்ப் பல வாரம் கிடந்தால், எதிர்மின்முனைத் தகட்டின் தாமிரம் கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

சார்ஜரில் போட்டதும் விளக்கு படபடவென்று சிமிட்டி ஏற்க மறுக்கிறதா? முதலில் பேட்டரியின் வெளியே தெரியும் தங்கநிறத் தொடர்புத் தகடுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, உலரவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அழுக்கு என்றால் இத்தோடு தீரும். அப்படியும் ஏற்காவிட்டால் விட்டுவிடுங்கள். வேறு மின்மூலத்திலிருந்து இரண்டு கம்பி கொடுத்து 'எழுப்பும்' வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எழுந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே சேதம் அப்படியே இருக்கும். அது பின்னொரு நாள் தீயாக வரலாம்.

கூட்டுப்பறவை:
மாதம் ஒருமுறை முழுக்கக் காலி செய்து ஏற்ற வேண்டும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். அரைகுறையாகவே ஏற்றி வந்தால் கொள்ளளவு குறைந்துபோகும் அந்த 'நினைவு' விளைவு லித்தியம்-அயனுக்குக் கிடையாது. 20 முதல் 80 சதவீதத்துக்குள் அரைகுறையாக ஏற்றி இறக்குவதே அதற்கு இதம்.

குளிர் இடத்தில் படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. 0 டிகிரிக்குக் கீழே பேட்டரி திடீரென்று 'காலி' காட்டும். உள்ளே சார்ஜ் இருக்கும், உள்தடை ஏறியதால் வோல்டேஜ் சரிகிறது, அவ்வளவுதான். சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துச் சூடேற்றினால் மீண்டும் ஓடும். இரண்டை மாற்றி மாற்றிப் போடுவது வழக்கம். ஆனால் சில்லிட்டிருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் வைக்கக்கூடாது. உறைநிலையில் ஏற்றினால் லித்தியம், எதிர்மின்முனைத் தகட்டுக்குள் நுழையாமல் அதன் மேலே உலோகமாகப் படியும். அந்த இழப்பு திரும்பாது. அறை வெப்பத்துக்கு வரட்டும். நீண்ட வீடியோ எடுத்துச் சூடான பேட்டரிக்கும் அரைமணி நேர ஓய்வு கொடுங்கள்.

வெண்திரை:
ஃபிளாஷுக்குப் போடும் டபுள்-ஏ நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்களின் சுபாவமே வேறு. நான்கு செல்லும் தொடரில் ஓடுவதால், ஒன்று சொத்தையாக இருந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் முனைகள் மாறும்படி தலைகீழாக ஓட்டி மொத்தமாகக் கொன்றுவிடும். ஒரே நாளில் வாங்கிய நான்குக்கு ஏ1, ஏ2, ஏ3, ஏ4 என்று குறியிட்டு, பிரிக்காமல் சேர்த்தே பயன்படுத்துங்கள். ஃபிளாஷ் மறுபடி தயாராக வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் நான்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனிக்கும் சார்ஜர் அவசியம், ஜோடியாக ஏற்றுவது வேண்டாம். 2000 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு 1000 மில்லி ஆம்பியர் நல்ல வேகம், இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். 200, 300 என்று மெதுவாக ஏற்றினால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். செல் நிரம்பியதைக் காட்டும் சிறு வோல்டேஜ் இறக்கத்தை அந்த வேகத்தில் சார்ஜர் தவறவிட்டு, ஏற்றிக்கொண்டே இருக்கும். 15 நிமிடத்தில் ஏற்றுவதாகச் சொல்லும் சார்ஜரோ செல்லைச் சூட்டில் வதைக்கும்.

செல்பிரிப்பு:
வீக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பேட்டரியின் அகன்ற பக்கத்தைக் கண்ணாடி மேசையில் வைத்து விரலால் சுண்டுங்கள். பம்பரம்போலச் சுழன்றால் நடுவில் உப்பியிருக்கிறது. அழுத்திப் பார்ப்பதும் ஊசியால் குத்துவதும் கூடவே கூடாது. அன்றோடு நிறுத்திவிட வேண்டியதுதான். டெர்மினலில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். கேமராவுக்குள் சிக்கிக்கொண்டால் இடுக்கியால் நெம்பாதீர்கள். பழுதுபார்ப்பவரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். உப்பாத பேட்டரியும் சில சமயம் சிக்கும். வாங்கிய மாதத்தை எழுதி அகன்ற பக்கத்தில் ஒட்டிய தடித்த டேப்தான் காரணமாக இருக்கும். குறுகிய முனையில் நிரந்தர மையால் எழுதினால் போதும்.

கூட்டுப்பறவை:
விமானத்தில் போகிறவர்கள் உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை விமான நிறுவனத்திடம் தனி ஒப்புதல் தேவையில்லை. வோல்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு கிடைக்கும். 7.2 வோல்ட், 2280 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 7.2 × 2.28, அதாவது 16.4 வாட்-மணிதான். டெர்மினல் மூடி தொலைந்திருந்தால் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நாணயமோ சாவியோ பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

நிழல்குடை:
பழைய பேட்டரி தேறுமா என்று பார்க்க, முழு சார்ஜில் ஒரே லென்ஸ், ஒரே அமைப்பில் கேமரா அணையும்வரை வீடியோ ஓடவிட்டு நேரம் குறியுங்கள். பல பழைய கேமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நிறுத்தும், உடனே மீண்டும் தொடங்கிக் கூட்டிக்கொள்ளலாம். புதிதாக வாங்கிய அன்றே இந்தச் சோதனையைச் செய்து எழுதி வைத்தால், பிறகு ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும். அந்த நேரத்தில் 60 சதவீதம்கூட ஓடாத பேட்டரியை முக்கிய வேலைக்கு எடுத்துப்போகாதீர்கள். வீட்டில் லென்ஸ் சோதிக்க வைத்துக்கொள்ளலாம்.