மாங்கொட்டை வண்டி: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

சனிக்கிழமை

அண்ணன் (காலை 7:10): எல்லோருக்கும் ஒரு செய்தி. காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற மாதிரி ஒரு சின்னப் படுக்கை வண்டி கட்டப் போகிறேன். டியர்டிராப் டிரெய்லர் என்பார்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுக்களை.

அத்தை (7:14): டியர்டிராப் என்றால்?

நான் (7:14): கண்ணீர்த்துளி, அத்தை.

அத்தை (7:15): பேரிலேயே அழுகையா?

அண்ணன் (7:16): வடிவத்துக்காக அந்தப் பேர். முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் சரிவு. [படம்]

அத்தை (7:19): இது மாங்கொட்டை மாதிரி அல்லவா இருக்கிறது!

அக்கா (7:19): முடிந்தது. இனி இதுதான் பேர்.

அத்தான் (7:25): மாப்பிள்ளை, நீ செய்த புத்தக அலமாரி இன்னும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது. ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

அண்ணன் (7:26): அது சுவர் கோணல், அத்தான்.

பெரியப்பா (7:31): சுவர் கோணலா, கை கோணலா என்று ரசமட்டம் சொல்லும். என்ன அளவு?

அண்ணன் (7:32): நீளம் எட்டடி, அகலம் நாலடி, உயரம் நாலடி.

பெரியப்பா (7:33): ப்ளைவுட் முழுத்தாள் அளவிலேயே முடித்துவிட்டாயா? நல்லது. துண்டு விழாது.

அண்ணி (7:40): அது அவர் யோசனை இல்லை, பெரியப்பா. 1930-களிலேயே அமெரிக்காவில் பத்திரிகைகளில் வந்த வரைபடத்தைப் பார்த்து வீட்டிலேயே இதைக் கட்டினார்களாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், மிச்சம் கிடந்த அலுமினியத் தகட்டை வாங்கி மேலே போர்த்தினார்களாம். நேற்று இரவு ஒரு மணி வரை எனக்கு இந்த வரலாற்றுப் பாடம்தான்.

அத்தை (7:42): நாலடி உயரத்தில் எப்படி நிற்பது?

அண்ணன் (7:42): நிற்க முடியாது. உட்காரலாம், படுக்கலாம். இது வீடு இல்லை அத்தை, கூரை போட்ட கட்டில்.

அத்தான் (7:50): மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை. விளக்கு, பிரேக், அகலம், பதிவு, இதற்கெல்லாம் உங்கள் பக்கம் என்ன விதி என்று கேட்டு வா. இடத்துக்கு இடம் மாறும். கட்டி முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் அறுத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அண்ணன் (7:51): திங்கட்கிழமை போகிறேன்.

அண்ணி (7:51): எந்தத் திங்கட்கிழமை என்று யாராவது கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

அண்ணன் (காலை 9:02): விதி கேட்டாயிற்று. சேசிஸ் (அடிச்சட்டம்) வந்தாயிற்று. இன்று பக்கச் சுவர் வெட்டுகிறேன். பெரியப்பா, ஏதாவது சொல்ல வேண்டுமா?

பெரியப்பா (9:20): [குரல் செய்தி, 6 நிமிடம்]

அக்கா (9:28): யாராவது எழுத்தில் போடுங்களேன். நான் பேருந்தில் இருக்கிறேன்.

நான் (9:55): போடுகிறேன். இருமலையும் திட்டையும் விட்டுவிட்டேன்.

ஒன்று: வளைவை நேராக நல்ல பலகையில் வரையாதே. முதலில் மெல்லிய அட்டைப் பலகையில் வரைந்து வெட்டி, உப்புத்தாள் போட்டு, விரலை ஓட்டிப் பார். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அந்த அச்சை வைத்து இரண்டு சுவரையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் வெட்டு. தனித்தனியாக வெட்டினால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்று போல இருக்காது.

(இது எங்களைச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.)

அப்புறம் விளிம்பு. ப்ளைவுட் முகத்தால் தண்ணீர் குடிக்காது, விளிம்பால்தான் குடிக்கும். மூன்று பங்கு பாலியூரித்தேன் வார்னிஷில் ஒரு பங்கு தின்னர் கலந்து விளிம்பில் தடவு. உறிஞ்சும். திரும்பத் தடவு. உறிஞ்சாமல் மேலேயே நிற்கிற வரை தடவு. ஸ்க்ரூ போட்ட ஓட்டைக்கும் அதே மாதிரி. கதவுக்கு, ஜன்னலுக்கு வெட்டுகிற இடத்தை மறந்துவிடாதே, எல்லோரும் மறப்பது அங்கேதான்.

கூரைக்கு 3 மி.மீ. தாள் இரண்டாகப் போடு. 6 மி.மீ. ஒன்றாகப் போட்டால் முன்வளைவில் ஒடியும். மேல்தாளின் மர ரேகை வண்டிக்குக் குறுக்கே ஓடட்டும். நீளவாக்கில் ஓடினால் முரண்டு பிடிக்கும்.

கடைசியாக, 18 மி.மீ. பலகை வாங்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டாராம். அது ஒரு தாளே 36 கிலோ இருக்கும். வண்டி கட்டுகிறாயா, கோட்டை கட்டுகிறாயா என்று கேட்கச் சொன்னார்.

அண்ணன் (10:03): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன் (10:04): 12 மி.மீ. மாற்றி வாங்கிக்கொள்கிறேன்.

பெரியப்பா (10:05): நீக்கியதை நான் படித்துவிட்டேன்.

அடுத்த வியாழன்

அண்ணன் (இரவு 8:47): [படம்] இது என்ன என்று கண்டுபிடியுங்கள்.

அத்தை (8:50): எலி கடித்ததா?

அண்ணன் (8:51): தெர்மோகோல் அட்டை. சுவரின் நடுவில் வெப்பம் தடுக்க வைப்பது. காலணிக்குப் போடுகிற பசை மாதிரி ஒன்றைத் தடவினேன். அப்படியே கரைந்துவிட்டது.

நான் (8:52): தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன். அந்தப் பசையில் இருக்கிற கரைப்பான் அதைத் தின்றுவிடும். தண்ணீரில் கரைகிற பசைதான் அதற்கு.

அண்ணன் (8:52): இப்போது சொல்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை

அண்ணன் (மாலை 4:30): படுக்கை, பாத்திரம், தண்ணீர்க் கேன் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினேன். 480 கிலோ!

அத்தான் (4:33): சேசிஸ் எவ்வளவு தாங்கும்?

அண்ணன் (4:33): 750.

அத்தான் (4:34): சரி. காரில் மாட்டுகிற கொக்கியில் எவ்வளவு எடை இறங்குகிறது?

அண்ணன் (4:35): அதைப் பார்க்கவில்லை. ஆனால் இலேசுதான். முன்பக்கத்தை ஒரு கையால் தூக்குகிறேன்.

அத்தான் (4:35): அதைப் பெருமையாகச் சொல்லாதே. அதுதான் எனக்குப் பயம்.

அக்கா (4:37): இலேசாக இருந்தால் நல்லதுதானே?

பெரியப்பா (4:41): மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் என்ன ஆகும்? நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக் கழுத்தைக் கயிறு இறுக்கும். இதுவும் வண்டிதான்.

அத்தான் (4:44): பெரியப்பா சொன்னதேதான். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும். 480 கிலோவுக்கு 48 முதல் 72. குறைந்தால் வேகம் எடுக்கும்போது வால் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் ஆரம்பித்தபின் காரில் இருப்பவனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கூடிப்போனாலும் தொல்லைதான். காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும்.

அண்ணன் (4:46): அதை எப்படி நிறுப்பது?

அத்தான் (4:47): குளியலறையில் எடை பார்க்கிற மெஷின் இருக்கிறதா? சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடு. மெஷின் மேல் மரத்துண்டு அடுக்கி, காரில் மாட்டுகிற அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, கொக்கியை அதன் மேல் உட்கார வை. வண்டி மட்டமாக நிற்க வேண்டும்.

அண்ணன் (5:20): 24 கிலோ.

அத்தான் (5:21): ஐந்து சதவீதம். இதை ரோட்டில் ஏற்றாதே.

அண்ணி (5:22): என் அடுக்களையைப் பிரிக்கப் போகிறீர்களா?

அத்தான் (5:24): அடுக்களைக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் என்னென்ன கனமாக இருக்கிறது?

அண்ணன் (5:26): பேட்டரி, 28 கிலோ. அடுப்புத் தட்டுக்குக் கீழே வைத்தேன். ஒயர் மிச்சமாகும் என்று.

அத்தான் (5:27): சக்கர அச்சிலிருந்து பேட்டரி எவ்வளவு பின்னால்? கொக்கி எவ்வளவு முன்னால்?

அண்ணன் (5:33): பேட்டரி 90 செ.மீ. கொக்கி 2.6 மீட்டர்.

அத்தான் (5:40): முன்னால் இழுவைச் சட்டத்தின் மேல் ஒரு பெட்டி அடித்து, பேட்டரியை அச்சுக்கு 1.7 மீட்டர் முன்னால் வைத்தால், 90 செ.மீ. பின்னாலிருந்து மொத்தம் 2.6 மீட்டர் நகர்கிறது. கொக்கி தூரமும் அதேதான். அதனால் பேட்டரியின் 28 கிலோவும் அப்படியே கொக்கியில் ஏறும். 24 கூட்டல் 28.

நான் (5:41): 52. பத்தே முக்கால் சதவீதம் வருகிறது!

அத்தை (5:43): இந்த வீட்டில் கணக்கு பாஸானவர் மருமகன் ஒருவர்தான்.

நான் (5:46): அண்ணா, ஒயர் இப்போது நீளம் கூடும். 12 வோல்ட்டில் நீளம் கூடினால் முனைக்கு வருவதற்குள் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். ஒரு அளவு தடிமனான ஒயர் போடு. பியூஸ் விளக்குப் பக்கத்தில் இல்லை, பேட்டரிப் பக்கத்தில். ஒயர் எங்கே நசுங்கினாலும் அதுதான் காப்பாற்றும்.

அண்ணன் (இரவு 9:15): [படம்] பெட்டி அடித்தாயிற்று. மெஷின் 52 காட்டுகிறது. 52 ஐயா 52.

அடுத்த செவ்வாய்

அண்ணி (காலை 6:30): பின்கதவு ஒழுகுகிறது. ராத்திரி மழை. இடது கீழ் மூலையில் குளம் கட்டி நிற்கிறது. அவர் பேசுகிற நிலையில் இல்லை.

அக்கா (6:41): ரப்பர் பீடிங் சரியாக ஒட்டவில்லையோ?

அண்ணன் (7:02): அந்த மூலையில் இரண்டு தடவை பிரித்து ஒட்டிவிட்டேன். திரும்பவும் ஒழுகுகிறது.

பெரியப்பா (7:10): தண்ணீர் தெரிகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. உள்ளே விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தூள் தடவு. கதவைச் சாத்து. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். குழாயைக் கீழிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோ. எடுத்த உடனே மேலே பீய்ச்சினால் ஒன்றும் புரியாது.

அண்ணி (8:35): உள்ளே உட்கார்ந்த ஒருவர் நான்தான். கீழே பத்து நிமிடம் அடித்தார், ஒரு சொட்டு இல்லை. பக்கவாட்டில் அடித்தார், இல்லை. மேலே கீலுக்குக் கொண்டுபோனதும், இடது பக்கம் இரண்டாவது ஸ்க்ரூ முனையில் ஒரு முத்து தொங்கியது. அது கீழே விழவில்லை. வளைந்த சட்டத்தோடு ஒட்டியே ஊர்ந்து, சாக்பீஸ் தூளில் கோடு போட்டுக்கொண்டு, நேராக இடது மூலைக்குப் போனது.

பெரியப்பா (8:38): கீலுக்கு அடியில் என்ன போட்டாய்?

அண்ணன் (8:44): பியூட்டைல் டேப், தண்ணீர் புகாமல் அடைக்கிற ஒட்டுப்பட்டை. கடைசி ஒரு சாண் மட்டும் தீர்ந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணி. நாளை ஒட்டலாம் என்று ஸ்க்ரூவை மட்டும் போட்டேன். அந்த நாளை வரவில்லை.

பெரியப்பா (8:45): சிலிக்கான் பூசிவிடலாம் என்று நினைக்காதே. பிறகு அந்த இடத்தில் பெயிண்டும் ஒட்டாது, வேறு எதுவும் ஒட்டாது. கழற்று, துடை, டேப் போட்டுத் திரும்ப முறுக்கு. பியூட்டைல் இறுகாது, மரம் அசைந்தால் கூடவே அசையும்.

அண்ணி (மாலை 5:50): ஒரு மணி நேரம் குழாய் அடித்தோம். தூள் தூளாகவே இருக்கிறது.

சனிக்கிழமை

அண்ணன் (காலை 6:05): வாசலிலேயே நிறுத்தி ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தோம். மழை இல்லை. ஆனால் சுவரெல்லாம் ஈரம், மெத்தைக்கு அடியிலும் ஈரம்! எங்கே ஒழுகுகிறது?

நான் (6:20): கூரையில் காற்றுப் போகிற வென்ட் திறந்திருந்ததா?

அண்ணி (6:21): குளிர் என்று மூடிவிட்டார்.

நான் (6:23): அப்படியென்றால் ஒழுகியது நீங்கள் இருவரும்தான். தூங்குகிற இரண்டு பேர் ஒரு ராத்திரியில் மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரை வெளியே விடுகிறீர்கள். உள்ளே இருப்பது மூன்று கன மீட்டர் காற்று. அது எங்கே போகும்? குளிர்ந்த சுவரில் போய் ஒட்டும்.

அக்கா (6:25): அரை லிட்டரா! அண்ணி பாவம்.

நான் (6:27): மேலே வென்ட், கீழே ஜன்னல் ஒரு விரல் அளவு, இரண்டும் திறந்திருக்கட்டும். மெத்தைக்கு அடியில் மர ரீப்பர் அடித்து இடைவெளி விடு. நேராகப் பலகை மேல் போட்டால் பூஞ்சைதான்.

அத்தை (6:34): மழை வந்தால் அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் அல்லவா? கதகதப்பாகவும் இருக்குமே.

அத்தான் (6:35): வேண்டவே வேண்டாம், அத்தை. அந்த அளவு இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கம் வருவது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சமையல் வெளியே, பின்கதவுக்குக் கீழே நின்றுதான். மழை பெய்தால் பட்டினி.

அண்ணி (6:37): உள்ளே அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறோம், அத்தை. பயப்படாதீர்கள்.

அடுத்த வெள்ளி

அண்ணி (காலை 8:15): கிளம்பிவிட்டோம். பின்னால் மாங்கொட்டை வருகிறது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார், முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

அத்தை (8:16): கொக்கி கழன்றால் பிடிக்கிற சங்கிலி?

அண்ணி (8:16): இரண்டும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டியிருக்கிறது.

அத்தான் (9:50): எவ்வளவு தூரம் ஆயிற்று?

அண்ணி (9:52): 85 கிலோமீட்டர்.

அத்தான் (9:52): நிறுத்து. சக்கர நட்டை முறுக்கிப் பார்க்கச் சொல்.

அண்ணன் (9:53): நேற்றுதானே முறுக்கினேன் அத்தான்? சாப்பிட நிறுத்தும்போது பார்க்கிறேன்.

பெரியப்பா (9:54): கீலுக்கும் நாளை என்றுதான் சொன்னாய்.

அண்ணி (10:11): நிறுத்தினோம். வலது சக்கரத்தில் மூன்று நட்டு ஒரு கால் சுற்று ஓடியது. [படம்] கை முழுக்க கிரீஸ். பேச்சு இல்லை.

அத்தான் (10:12): புதுச் சக்கரம் அப்படித்தான், உட்கார இடம் கேட்கும். இன்னொரு 80 கிலோமீட்டரில் திரும்பப் பார்.

அண்ணன் (10:14): அலாரம் வைத்துவிட்டேன்.