இலை நுனியில இருக்கிற கண்ணாடிக்குத் தமிழ்ல என்ன பேர்?

ஹட்டன் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு சொல் வேணும். வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல செடிக் கண்காட்சி, தரம் 8 பிள்ளைங்க தயிர்ச்சட்டில ஓட்டை போட்டு ஹவோர்த்தியா கூப்பரி வளர்த்திருக்காங்க, அதுக்கு அட்டை எழுதணும். தென்னாப்பிரிக்காவுல புதர் அடியிலயும் பாறை இடுக்குலயும் வளர்ற சின்னச் செடி, கற்றாழைக்குச் சொந்தம். காஞ்ச காலத்துல வேர் சுருங்கி செடியையே மண்ணுக்குள்ள இழுத்துக்கும், இலை நுனி மட்டும்தான் வெளிய தெரியும். அந்த நுனி தண்ணித்துளி மாதிரி தெளிவா இருக்கு, வெளிச்சம் அது வழியா இறங்கி உள்ள இருக்கிற பச்சைக்குப் போய்ச் சேருது. நேத்து ஒரு பிள்ளை சட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா, நுனிக்குள்ள கோடு கோடா பச்சை ஓடுறது தெரிஞ்சிச்சு, ரொம்ப நேரம் கீழ வைக்கவே இல்ல. இந்த நுனிக்கு "இலை ஜன்னல்"னு எழுதி வச்சிருக்கேன், சரியா?

வெலிமடை ஐயா:
ஜன்னல் போர்த்துக்கேயச் சொல் அம்மா. நமக்குத்தான் காலதர் இருக்கே. கால்னா காத்து, அதர்னா வழி. சிலப்பதிகாரத்துல "மான்கண் காலதர்"னு வருது, மானோட கண் மாதிரி ஓட்டை வச்ச ஜன்னல், எவ்வளவு அழகு பாருங்க. காத்துன்னதும் ஞாபகம் வருது, எங்க ஊவாப் பக்கம் அடிக்கிற கச்சான் காத்துக்கும் கொறிக்கிற கச்சானுக்கும் (நிலக்கடலை) என்ன உறவுன்னு ரொம்ப நாளா தேடிக்கிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க எழுதுங்க.

நுவரெலியா சேர்:
ஐயா, காலதர் வடிவான சொல்தான், ஆனா இந்த நுனியால காத்துப் போறேல்லையே. காத்துப் போய்வாறது இலைவாயால, அதுதான் இலையில இருக்கிற நுண்ணிய துளை. அதுவும் இந்தச் செடி ராவிலதான் இலைவாயைத் திறக்கும், பகல்ல திறந்தா தண்ணி போயிடும் எண்டு. வெளிச்சம் போற வழிக்குக் காத்துவழி எண்டு பேர் வச்சா பிள்ளையள் சோதினையில மாறி எழுதிப்போடுங்கள். வாய் எண்டு ஏற்கெனவே ஒண்டு இருக்கிறபடியா இதுக்கு இலைக்கண் எண்டு வைப்பமே?

கந்தப்பளை அண்ணன்:
கண்ணு வேணாங்க சார். நாங்க உருளைக்கிழங்கு போடுறவங்க, கண்ணுன்னா எங்களுக்கு முளைக்கிற இடம். இந்தச் செடியையும் இலையிலருந்து எடுக்கலாம், ஆனா தண்டோட ஒட்டுற அடிப்பக்கந்தான் வேர் வரும், நுனியில வராது. இலைக்கண்ணுன்னு எழுதினா புள்ளைங்க நுனியை வெட்டி நட்டுட்டு உக்காந்திருக்கும். டீச்சர், மழை மாசத்துல தண்ணியே காட்டாதீங்க, பாதிக்கு மேல ஆத்து மணலும் அடுப்புக்கரித் துண்டும் போடுங்க. போன ஜூன்ல தினமும் ஊத்தி எனக்கு ஆறு சட்டி போயிருச்சு, தொட்டா இலை கொழகொழன்னு கையோட வந்துச்சு, இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல.

வெலிமடை ஐயா:
சரி, காலதரை விடுறேன். ஒளியதர்.

ஹட்டன் டீச்சர்:
ஒளியதரை வகுப்புல சொல்லிப் பார்த்தேன் ஐயா, அதர்னா என்னன்னு பத்து நிமிஷம் விளக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் சட்டியைப் புடிச்ச அந்தப் பிள்ளையே சொன்னா, "எங்க காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) கூரையில தகரத்துக்கு நடுவுல ஒரு கண்ணாடித் தகரம் போட்டிருக்கு டீச்சர், அடுப்படிக்கு வெளிச்சம் வர, அதானே இது?" காத்து வராது, மழை வராது, மேலருந்து வெளிச்சம் மட்டும் வரும். அந்த வரிசை வீட்டு லயத்துப் பிள்ளைக்கு இதைவிட வேற விளக்கம் வேணுமா? இலைக்கண்ணாடின்னு வைக்கலாமே?

நுவரெலியா சேர்:
கண்ணாடி எண்டா முகம் பாக்கிறதும் மூக்கில போடுறதும்தான் முதல்ல மனசில வரும். இலைச்சாளரம் போதும் டீச்சர், வாசிச்ச உடன விளங்கும்.

கந்தப்பளை அண்ணன்:
எனக்கும் சாளரம் ஓகே.

வெலிமடை ஐயா:
கண்ணாடியாவது கண்ணும் ஆடியும் சேந்த நல்ல தமிழ். சாளரத்துக்கு நான் சம்மதிக்கல, பதிவு பண்ணிக்குங்க.

ஹட்டன் டீச்சர்:
மணி பத்தரை ஆச்சு, காலையில அட்டை மாட்டணும். இலைச்சாளரம்னே எழுதிட்டேன், அடியில சின்னதா "காம்பரா கூரையில் போடும் கண்ணாடித் தகரம் போல"ன்னும் சேர்த்திருக்கேன்.

வெலிமடை ஐயா:
ஓரத்துல எடம் இருந்தா ஒளியதர்னும் எழுதிடுங்க அம்மா.