டோர்க்குக்கு என்ன சொல்? முறுக்கமா, வீக்கா?

கல்லடி, ஞாயிறு இரவு

வணக்கம். செவ்வாய்க்கிழமை வாகனத் திருத்த வகுப்பில் பழைய ஹையேஸ் வானொன்றில், கியர்பொக்ஸின் சுழற்சியைப் பின் அச்சிலுள்ள டிபரன்ஷியலுக்குக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றிப் பூட்டப் போகிறோம். பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். “டிபரன்ஷியல் பக்கத்து நாலு போல்ட்டையும் எதிரெதிராக, குறித்த ... வரை இறுக்கவும்” என்ற இடத்தில் பேனா நிற்கிறது. போல்ட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்ற அளவு அது, டோர்க் என்றே விட்டுவிடவா? முறுக்குவிசை என்று இணையத்தில் கிடக்கிறது. தின்கிற முறுக்குப் பகிடி வேண்டாம், வகுப்பில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஆரையம்பதி, அன்றிரவே

தம்பி, முறுக்குவிசை என்று மட்டும் எழுதாதீர்கள். விசைக்கு அலகு நியூற்றன், இதற்கு நியூற்றன் மீற்றர். கால் மீற்றர் ஸ்பனரின் நுனியை 200 நியூற்றனில் இழுத்தால் 50, குழாயைச் செருகி அரை மீற்றராக்கினால் அதே கைக்கு 100. விசை கூடவில்லையே! பாடப்புத்தகத்தில் திருப்பம் இருக்கிறது, எடுத்துப் பாவியுங்கள்.

காரைதீவு, திங்கள் விடிய

கதையில் திருப்பம், சந்தியில் திருப்பம், இனிப் போல்ட்டிலுமா டீச்சர்? பெரும்பாணாற்றுப்படை, யாழின் நரம்பைப் பிடிக்கும் வார்க்கட்டை, “மெலிந்துவீங்கு திவவு” என்கிறது. நெகிழ்த்த வேண்டிய இடத்தில் நெகிழ்ந்து, இறுக்க வேண்டிய இடத்தில் இறுகும் கட்டு. வீங்கு தன்வினை, வீக்கு பிறவினை, அடங்கு அடக்கு போல. ஆகவே ‘வீக்கு’. நரம்புக்குச் சுருதி எப்படியோ போல்ட்டுக்கு இதுவும் அப்படித்தான், நன்றாக இறுகிய போல்ட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், ஓசையே வேறு. யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான்.

அக்கரைப்பற்று, திங்கள் பகல்

ஐயா, வீக்கு என்று எழுதினால் பெடியன்கள் கணுக்காலைத் தடவிப் பார்ப்பார்கள். கராஜில் நாங்கள் சொல்வது டோர்க்தான். ஆனால் எனக்கு வேறொரு கவலை. ஒருமுறை போல்ட்டின் புரியில் எண்ணெய் இருந்ததைக் கவனிக்காமல் டோர்க் ரென்ச்சைப் போட்டேன். சொன்ன அளவில் ‘கிளிக்’ என்றது, எல்லாம் சரி என்று வானை அனுப்பினேன். பிறகு கழற்றும்போது பார்த்தால் ஒரு போல்ட் இழுபட்டுக் கழுத்து மெலிந்திருந்தது, நட்டு பாதி வழியில் சிக்கிக்கொண்டது. கொடுக்கிற முறுக்கில் ஏறத்தாழ 90 வீதம் தலைக்கடியிலும் புரியிலும் உராய்வுக்கே போய்விடும், மிச்சம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் பட்டால் அந்தக் கணக்கே மாறிவிடும். ரென்ச் காட்டுவது நாம் எவ்வளவு முறுக்கினோம் என்பதை, போல்ட் எவ்வளவு இறுகிற்று என்பதை அல்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தீர்களோ, பெடியன்கள் போல்ட்டை முறிப்பார்கள்.

ஆரையம்பதி

அக்கரைப்பற்றுக் காக்கா சொல்வது சரி, திருப்பத்தை நான் விட்டுவிடுகிறேன். கை கொடுப்பது முறுக்கம், போல்ட் பிடித்திருப்பது இறுக்கம். தம்பி, அலகையும் பாருங்கள். பழைய ஜப்பான் கையேடுகளில் கிலோகிராம் சென்ரிமீற்றர் இருக்கும். 750 என்று கண்டால் அது ஏறத்தாழ 73.5 நியூற்றன் மீற்றர்தான்.

காரைதீவு

இறுதல் என்றாலே முறிதல். மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கும் “அச்சிறும்” என்கிறார் வள்ளுவர். முறிவை உள்ளே வைத்திருக்கிற சொல்லையா பூட்டுவதற்கு வைக்கிறீர்கள்?

அக்கரைப்பற்று

அந்த அச்சு அளவுக்கு மிஞ்சி ஏற்றியதால் முறிந்தது ஐயா, இறுக்கியதால் இல்லை.

கல்லடி, திங்கள் இரவு

நேரமில்லை, ஃபோட்டோகொப்பிக் கடை பூட்டப் போகிறது. முறுக்கம், இறுக்கம் இரண்டையும் போட்டேன், முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் டோர்க். “புரியைத் துடைத்துக் காயவிட்டுப் பூட்டவும், கையேடு சொன்னால் மட்டும் எண்ணெய்” என்று காக்காவுக்காக ஒரு வரி. கடைசியில், வேலை முடிந்ததும் ரென்ச்சை ஆகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்கவும் என்று இன்னொரு வரி.

காரைதீவு

எனக்குச் சம்மதமில்லை என்று பதிந்துகொள்ளுங்கள். அந்தக் கடைசி வரியிலாவது ‘மெலித்து வைக்கவும்’ என்று எழுதியிருக்கலாம்.